மாமாவுக்கு ஓரம் தெரியவில்லை

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கண் கெட்டுக்கொண்டே வந்தது. அதை நாங்கள் பல வருடங்களாக நல்லொழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஒருவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுடைய பூர்வீக வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்து ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். பாதி டம்ளரிலேயே ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வெயில் கொஞ்சம் தணிந்தால் போதும், எழுந்து செருப்பை மாட்டிவிடுவார்.

"விளக்கு வைக்கிறதுக்கு முன்ன வீட்டுக்குப் போயிருவான் எந் தம்பி. இந்தக் காலத்துல எந்தப் பய அப்படி இருக்கான், சொல்லுங்க பாப்போம்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். குடி கிடையாது, இரண்டாம் ஆட்டம் சினிமா கிடையாது, பஸ் ஸ்டாண்டில் நின்று வெட்டிப் பேச்சு கிடையாது. அதைவிடப் பெரிய பெருமை இன்னொன்று. பக்கத்தில் எவ்வளவு அழகான பெண் போனாலும் மாமா ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். எதிர்வீட்டு அத்தையே ஒருநாள் அம்மாவிடம் வந்து, "உன் தம்பி தெருவுல என்னைய ஒரசிக்கிட்டுப் போறான், ஒரு 'வாங்க' கிடையாது" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதையும் அம்மா மெடலாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கண்ணில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை மாமா கையை நீட்டிப் பிடித்தே வாசிப்பார். அம்மாவின் தையல் ஊசியில் அவர்தான் நூல் கோத்துக் கொடுப்பார். வாசல்படியில் தடுக்குவதும், வாளியில் முட்டுவதும், நாயின் வாலை மிதித்துவிட்டு நாயைவிட அதிகமாகத் துள்ளுவதும் உண்டு. அதற்கெல்லாம் எங்களிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. கல்யாண நினைப்பு.

கல்யாணம் யாரோடு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அம்மா தீர்மானித்துவிட்டாள். தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அக்காவுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மாமா வரும் நேரத்துக்கு அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவள் கல்லூரியில் கடைசி வருடம். ஆடி முடியட்டும், ஆவணியில் பரிசம் போட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது. கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் பாவாடை எடுப்பது என்பதுதான் என் முன்னால் இருந்த பெரிய பிரச்சினை.

அந்த ஆடிப்பூரத் தேருக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அம்மாவும் அக்காவும் வீட்டில் சமையலில் இருக்க, மாமா என்னை மட்டும் தேர் பார்க்கக் கூட்டிப்போனார். ரத வீதியில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். ஓர் இடத்தில் பலூன்காரனைப் பார்ப்பதற்காக மாமாவின் கையை விட்டேன். பார்த்துவிட்டுத் திரும்பி அவருடைய முழங்கையை ஒட்டியே வந்து நின்றேன். மாமா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்தேன். சரி, நாமும் விளையாடுவோம் என்று சத்தம் காட்டாமல் நின்றேன். அவர் நடந்தால் நடந்தேன், திரும்பினால் நானும் அவர் பின்னோடு சுற்றினேன்.

மாமா ஒரு கரும்புச் சாறு வண்டியில் இடித்தார். ஒரு பெரியவரின் காலை மிதித்துத் திட்டு வாங்கினார். கடைசியில் போலீஸ் பந்தலுக்கு ஓடினார். நானும் கூடவே ஓடினேன்.

"சார், பிள்ளையக் காணோம் சார். அக்கா மக. பத்து வயசு."

"என்ன உடுப்பு?"

"மஞ்சப் பாவாடை சார். ரெட்டச் சடை."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப இது யாருப்பா?"

மாமா தலையை முழுதாகத் திருப்பிக் குனிந்தார். அப்போதுதான் நான் அவருக்குத் தெரிந்தேன். கூட்டமே சிரித்தது. போலீஸ்காரர் மாமாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டபோது அவர் உடம்பு நடுங்கியதால் சிரிப்பு நின்றுவிட்டது. இது விளையாட்டில்லை என்று அப்போது விளங்கியது.

மறுநாள் காலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, மாமாவுக்கு நேரா பாத்தாத்தான் தெரியுது. ஓரம் தெரியல."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "ஏட்டி, நல்ல காரியம் பேசுத வீட்டுல வாயில என்ன வருதுன்னு பாத்துப் பேசு. ஊசியில நூல் கோக்கறவனுக்கா கண்ணு தெரியல? பொய்க்காரி."

கிள்ளு வாங்கியது பெரிதில்லை, எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. இன்றைக்கும் அப்படித்தான், என் கணவரைக் கேட்டால் சொல்வார். அம்மா வாயாலேயே என்னை உண்மைக்காரி என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வந்ததும் அவரையும் அக்காவையும் எங்கள் மொட்டை மாடிக்கு இழுத்துப்போனேன். ஒரு நாற்காலி போட்டேன். அதில் உட்காருகிறவர் தலையை ஆட்டாமல் சஞ்சீவி மலை உச்சியையே பார்க்க வேண்டும். நான் வாளியின் சிவப்பு மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய முதுகுப் பக்கத்திலிருந்து வட்டமாக முன்னால் நடந்து வருவேன். மூடி கண்ணில் பட்டதும் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் சாக்பீஸ் கோடு.

முதலில் அக்கா உட்கார்ந்தாள். நான் அவள் காதை நெருங்குவதற்குள் 'ஆச்சு' என்றாள். மறு பக்கமும் அப்படியே. அவளுக்குத் தெரிந்த இடத்தைத் தரையில் வரைந்தபோது பாதித் தோசை அளவுக்கு வந்தது.

பிறகு மாமா உட்கார்ந்தார். நான் நடந்தேன். காதைத் தாண்டினேன். தோளைத் தாண்டினேன். இன்னும் கொஞ்சம் போனால் மலையை மறைத்துவிடுவேன் என்கிற இடத்தில்தான் 'ஆச்சு' என்றார். ஏமாற்றக் கூடாது என்று அதட்டிவிட்டு மறு பக்கத்திலிருந்து வந்தேன். அங்கேயும் அதே கதை. தரையில் விழுந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில், பிறந்தநாள் கேக்கில் கடைசி ஆளுக்கு வெட்டிக் கொடுக்கும் துண்டு அளவுக்குத்தான் இடம் இருந்தது.

மாமா எழுந்து வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். அக்காவின் கோட்டையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இம்புட்டுத்தானா?" என்றார்.

"சின்னப்பிள்ள விளையாட்டு மாமா, இத போயி..." என்று அக்கா காலால் கோட்டை அழிக்கப் போனாள்.

"அழிக்காத" என்றார் மாமா. அவர் அக்காவிடம் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே மில்லில் லீவு சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனார். அம்மாவும் போனாள். நானும் போனேன். என்னை ஆட்டோவிலிருந்து இறக்கிவிட இரண்டு பேர் முயன்றும் முடியவில்லை. கண்டுபிடித்தவள் நான், நான் இல்லாமல் என்ன வைத்தியம்?

டாக்டரம்மா மாமாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் மாமாவின் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி மின்னும், தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் மொட்டை மாடியில் செய்ததைத்தான் அவர்கள் கரண்டு செலவழித்துச் செய்தார்கள். கடைசியில் வந்த படத்தில் சுற்றிலும் ஒரே கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணு பின்சுவர்ல விழித்திரைன்னு மெல்லிசா ஒரு படலம் இருக்கும்மா" என்று டாக்டரம்மா சொன்னார். "வெளிச்சம் அதுலதான் போய் விழும். அதை மின்சாரமா மாத்தி, நரம்பு வழியா மூளைக்கு அனுப்புறது விழித்திரையோட வேலை. உங்க தம்பிக்கு அந்தப் படலம் ஓரத்துலேருந்து செயலிழந்துக்கிட்டே வருது. இருட்டுனா அவருக்குக் கண்ணு தெரியாததும் அதனாலதான்."

"கண்ணுக்குள்ள கரண்டா?" என்றாள் அம்மா.

அது ஊரெல்லாம் மின்வெட்டு படுத்தியெடுத்த காலம். "மாமாவுக்குக் கரண்டு கட்டா டாக்டர்? எப்ப வரும்?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் எப்போது வரும் என்று சொல்லவில்லை.

"முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் குடுத்தா மாலைக்கண்ணு சரியாயிரும்னு சொல்லுவாவளே" என்றாள் அம்மா விடாமல்.

"அது சத்துக் குறைவால வர்றது. இது வேற, பிறவியிலேயே வர்றது" என்ற டாக்டரம்மா, எழுதிக்கொண்டே கேட்டார். "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. குடும்பத்தின் யோக்கியதையை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா கெட்டுனது அவிய சொந்தத் தாய்மாமன டாக்டரம்மா. நான் கெட்டுனது எங்க அத்தை மகன. எங்க வீட்டுல அசல்ல பொண்ணு குடுத்ததும் இல்ல, எடுத்ததும் இல்ல. இந்தா, இவனுக்கும் எம் மூத்த மகளத்தான் குடுக்கப் போறோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாமாவைப் பார்த்து நிதானமாகப் பேசினார். சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது இந்த மாதிரிக் கோளாறு ஒளிந்திருந்து பிள்ளைகளிடம் வெளிப்படும் என்றார். அக்காவைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கும் வரலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளையோட அப்பா அம்மாவும் சொந்தம்தானே? பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஒருதடவை கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம். முதல்ல இருட்டுலதான் தடுமாற்றம் தெரியும்."

மாமா அதைக் கேட்டுக்கொண்டார். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, எழுந்துவிட்டாள். எனக்கோ மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றி மாட்டுவதில்தான் கவனம் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருந்தவர் அப்பா. மாப்பிள்ளைக்கு அக்காவைக் கட்ட இஷ்டமில்லை, சாக்கு தேடுகிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"ஓரம் தெரியலன்னா ஓரத்துல கறுப்பாவுல்ல தெரியணும்? இத்தன வருசமா ஒனக்கே தெரியாம எப்படி மாப்ள இருக்கும்?" என்றார்.

மாமா கோபப்படவில்லை. மில்லில் மெஷின் நின்றால் மேனேஜருக்கு எப்படி விளக்குவாரோ அப்படி விளக்கினார்.

"மச்சான், மில்லுக்குப் பஞ்சு பொதி பொதியா வருது. அத அப்படியேவா வெளிய அனுப்புதோம்? தூசி எடுத்து, சிக்கெடுத்து, பல எழையச் சேத்து ஒத்த எழையா இழுத்து, நூலாக்கி, கோன்ல சுத்தித்தான் லாரில ஏத்துதோம். விழித்திரையும் ஒரு மில்லுதானாம். வெளிச்சம்தான் பஞ்சு. வேணுங்கறது வேண்டாங்கறத அங்கனையே பிரிச்சு, நூலாக்கித்தான் மூளைக்கு அனுப்புது. அங்க ரெண்டு ஷிப்டு ஆளுக இருக்காவ. ராத்திரி ஷிப்டு ஆளுக ஓரத்துல நெறைய, பகல் ஷிப்டு ஆளுக நடுவுல நெறைய. எனக்கு ராத்திரி ஷிப்டு ஆளுக ஒவ்வொருத்தரா நின்னுட்டாவ. நடுவுல உள்ளவுகள வச்சுத்தான் ஓடுது. அவுகளும் எம்புட்டு நாளைக்குன்னு தெரியாது."

"சரி, கறுப்பா ஏன் தெரியல?"

"மூளைங்கறது தளவாய்புரத்துத் தையக்காரன் மாதிரி மச்சான். துணி பத்தலன்னா சொல்லவே மாட்டான். பக்கத்துத் துணிய இழுத்து ஒட்டுப் போட்டு, முழுச் சட்டைன்னு குடுத்துருவான். நானும் முழுசுன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, கல்யாணப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள் என்றார். அடுப்படி வாசலில் நின்ற அக்கா முன்னால் வந்தாள்.

"கண்ணு தெரியாமப் போனா என்ன மாமா? நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ கூட்டிட்டுப் போவ, எனக்குத் தெரியும்" என்றார் மாமா. "பொறக்குற பிள்ளைக்கும் தெரியாமப் போனா யாரு கூட்டிட்டுப் போறது? நம்ம ரெண்டு பேரும் இல்லாத பொறவு?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா கிளம்பி வாசலில் இறங்கியபோது மோட்டார் பைக்கில் இடித்துக்கொண்டார். அன்றைக்கு யாரும் கல்யாண நினைப்பு என்று சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம், நான் சொன்னது உண்மை என்று இன்னும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்கிற ஆத்திரமும் இருந்தது.

அம்மாவுக்கு வந்த கோபம் மாதக்கணக்கில் ஆறவில்லை. பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எங்களை டாக்டரிடம் காட்டச் சொல்லி மாமா அப்பா மூலம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "எம் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்ல. ஆஸ்பத்திரி வாசல மிதிச்சோம்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? இவ ரெண்டு பேரையும் எவன் கெட்டுவான்?" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவாள். கடைசியில் மாமாவே ஒரு மதியம் அக்காவின் கல்லூரி வாசலில் காத்திருந்து, அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்விட்டார். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. என்னை அப்படிக் கடத்திப்போக முடியவில்லை, பள்ளிக்கூடத்துக்கு அம்மாதான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவாள்.

அதற்குப் பிறகுதான் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலேயே தங்க ஆரம்பித்தார். விளக்கு வைப்பதற்குமுன் ஓடிப்போகிற மனிதர், விளக்கு வைத்த பிறகும் இருந்தார். அம்மா பேசாவிட்டாலும் தட்டில் சோறு வைத்துவிடுவாள். பொழுது சாய்ந்ததும் மாமா என்னைக் கூப்பிடுவார்.

"வாரியா, இருட்டு விளையாட்டு விளையாடுவோம்."

கடைக்கு அனுப்ப வேண்டிய பெயின்ட் டப்பாக்களை அப்பா அடுக்கி வைத்திருந்த உள்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். கதவடியில் வருகிற கீற்று வெளிச்சம் மட்டும்தான். செத்த நேரம் சும்மா உட்காரச் சொல்வார். பிறகு, என்னென்ன தெரிகிறது, சொல் என்பார். டப்பா, ஏணி, அப்பாவின் பழைய ஹெல்மெட், விளக்குமாறு என்று நான் அடுக்குவேன். விரலைக் காட்டி எத்தனை என்பார். முகத்தைத் திருப்பாதே என்று சொல்லிவிட்டுக் காதோரமாக விரலை ஆட்டிக் கேட்பார். எல்லாம் சரியாகச் சொன்னால் பால்கோவா. நான் ஒருநாளும் தோற்றதில்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது, பாவம், ஏணியில் முட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். தோற்றவர் முகம் ஏன் இப்படிப் பிரகாசமாக இருக்கிறது என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

வாரா வாரம் அவரே தோற்றுக்கொண்டிருந்தது எனக்குச் சங்கடமாகிவிட்டது. கல்யாணமும் இல்லை, அம்மா பேசுவதும் இல்லை, விளையாட்டிலும் தோல்வி. ஒருதடவையாவது மாமாவை ஜெயிக்க விடுவது என்று தீர்மானித்தேன். பால்கோவா போனாலும் பரவாயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தியதும், "என்ன தெரியுது?" என்றார்.

"ஒண்ணும் தெரியல மாமா."

"நல்லாப் பாரு. செத்த நேரம் கழிச்சுச் சொல்லு."

"பாத்துட்டேன். ஒரே இருட்டா இருக்கு."

"ஏணி?"

"தெரியல."

"இந்தா, என் கை. மூஞ்சிக்கு நேரா வச்சிருக்கேன். கை தெரியுதா?"

"இல்ல மாமா. ஒங்களுக்கு மாதிரியே எனக்கும் தெரியல."

டப்பா ஒன்று உருண்டது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடவேயில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொய் மாமா! எல்லாம் தெரியுது! மூணு வெரலு நீட்டிருக்கீங்க. சட்டையில மேல் பட்டன் இல்ல. அங்கன ஒரு பல்லி ஓடுது."

அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அழுவதுபோல அடக்கி அழவில்லை, வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்து கதவைத் திறந்தாள். "ஏலே தம்பி, என்னலே ஆச்சு?" என்றாள். மாதக்கணக்கில் அவரிடம் பேசாமல் இருந்ததை மறந்துவிட்டாள்.

மாமா அழுகையை நிறுத்துவதாக இல்லை. அதனால் நானே விளக்கினேன். "மாமா ஜெயிச்சுட்டோம்னு நெனச்சாரும்மா. பொறவு தோத்துட்டாரு. அதான்."

அம்மா டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, மாமாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் அழுதாள். ஒரு விளையாட்டில் தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆட்கள் இப்படியா அழுவார்கள் என்று எனக்கு இருவர்மேலும் கொஞ்சம் இளப்பமாகக்கூட இருந்தது. தப்பு என்னுடையதுதான், பாதியில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன். அடுத்த வாரம் என்ன ஆனாலும் சரி, சிரிக்காமல் கடைசிவரை தெரியவில்லை என்றே சொல்லி மாமாவை ஜெயிக்க வைத்துவிடுவது என்று அவர் மடியில் படுத்தபடியே உறுதியாக முடிவு செய்துகொண்டேன்.